மதுரையில் இரண்டு நாள்: கோவில், கடைவீதி, பழைய தெருக்கள் – ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் இறங்கி, மீனாட்சி அம்மனைத் தரிசித்து, திருமலை நாயக்கர் மகாலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு ஜிகர்தண்டாவையும் குடித்துவிட்டு, மாலையிலேயே கொடைக்கானலுக்கோ ராமேசுவரத்துக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். போகிற வழியில் இருக்கும் ஊர் என்று மதுரையை எண்ணுவதால் வருகிற குறை இது. இரண்டு பகலும் இரண்டு மாலையும் ஒதுக்க முடிந்தால், தரிசனம், பழங்கால இடங்கள், துணிமணி வாங்குதல் ஆகிய மூன்றையும் ஒரு சதுர மைலுக்குள், பெரும்பாலும் நடந்தே முடித்துவிடலாம்.

அதற்குத் திட்டமிடும்போது மதுரையை இடங்களின் பட்டியலாகப் பிரிக்காமல் நேரத்தால் பிரிக்க வேண்டும். கோவில் நண்பகல் 12.30 மணியளவில் நடை சாத்தப்பட்டு மாலை 4 மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். கடைவீதி காலை 10 மணிக்கு மேல் மெதுவாகக் கண் விழித்து, விளக்கேற்றிய பிறகே களைகட்டும். பழைய தெருக்களிலோ, மொத்த வியாபாரத்துக்கான சரக்கு வண்டிகள் வந்து நின்றுவிட்டால் ஒரு கல்தூணைக்கூட நிமிர்ந்து பார்க்க இடமிருக்காது என்பதால், அவற்றுக்கு விடிகாலைதான் ஏற்றது. இந்த மூன்று நேரக்கணக்குகளும் ஒன்றோடொன்று மோதாமல் அமைத்துக்கொள்வதுதான் கீழே வரும் படிகளின் நோக்கம்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

வெயிலை வைத்துப் பார்த்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் கூட்டங்கூட்டமாக மதுரையில் இறங்குவார்கள். கோவில் வரிசையும் நீளும், விடுதி அறைகளும் கிடைக்காது. ஆகவே பொங்கல் கழிந்த பிறகு, தையின் பிற்பகுதியும் மாசியும் என் தேர்வு. தைப்பூசத்தை ஒட்டி வந்தால் தெப்பத் திருவிழாவையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சித்திரைத் திருவிழாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டாபிஷேகம், திருக்கல்யாணம், தேரோட்டம், பிறகு சித்ரா பௌர்ணமியில் கள்ளழகர் வைகையில் இறங்குதல் என்று நகரமே திருவிழாக் கோலத்தில் இருக்கும் அந்த நாட்களில், திருவிழாவுக்காக மட்டுமே வர வேண்டும். கடைவீதியையும் மகாலையும் அந்த வாரத்தில் திட்டத்தில் சேர்ப்பது வீண் முயற்சி. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களும் அப்படித்தான். துணிக் கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பகுதியில் நடப்பதே பெரும்பாடாக இருக்கும்.

வாரநாட்களில் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் மொத்த விற்பனைக் கடைகள் பல அன்று அடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் கூட்டம் மிகுதி. காந்தி அருங்காட்சியகத்துக்கும் அன்றுதான் வார விடுமுறை. திங்கள் முதல் வியாழன் வரை அடுத்தடுத்த எந்த இரண்டு நாளும் பொருந்தும்.

படி 2: வந்து சேர்தலும் தங்குதலும்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இன்றும் வசதியான வண்டி. இரவில் எழும்பூரில் ஏறினால் விடிகாலையில் மதுரைச் சந்திப்பில் இறங்கிவிடலாம், முதல் பகல் முழுவதும் கையில் இருக்கும். பேருந்தில் வந்தால் சென்னை, திருச்சி, திருநெல்வேலி வண்டிகள் மாட்டுத்தாவணிக்கும், கோவை, தேனி, திண்டுக்கல் பக்கத்து வண்டிகள் ஆரப்பாளையத்துக்கும் வரும். இரண்டிலிருந்தும் பெரியார் பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர்.

தங்குவதற்கு ரயில் நிலையத்துக்கும் கோவிலுக்கும் இடைப்பட்ட மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். வைகைக்கு வடகரையில் உள்ள பெரிய ஓட்டல்கள் அமைதியானவைதாம்; ஆனால் இந்தப் பயணத்தின் வெற்றியே மதியம் இரண்டு மணி நேரம் அறைக்குத் திரும்பிக் காலை நீட்டிக்கொள்வதில் இருப்பதால், நடந்து திரும்பக்கூடிய தூரத்தில் அறை இருப்பதுதான் முக்கியம். கோவில் கோபுரம் தெரியும் மாடி என்று விளம்பரப்படுத்தும் விடுதிகள் அங்கே பல உண்டு. திருப்பணி நடக்கும் காலங்களில் சாரமும் தட்டியும் கட்டிக் கோபுரத்தை மூடியிருப்பார்கள் என்பதால், அதற்காகக் கூடுதல் வாடகை கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: வீதிகளின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுதல்

மதுரையில் வழி தவறாமல் நடக்கக் கைப்பேசி வரைபடத்தைவிட மாதங்களின் பெயர்கள் உதவும். கோவில் மதிலுக்கு உள்ளேயே இருப்பவை ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அதற்கடுத்த சுற்று ஆவணி மூல வீதிகள். அதற்கும் அடுத்தது மாசி வீதிகள். எல்லாவற்றையும் சூழ்ந்து வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கங்கள். "தெற்காவணி மூல வீதி" என்று யாராவது சொன்னால், கோவிலுக்குத் தெற்கே இரண்டாவது வெளிச்சுற்று என்று உடனே கணக்குப் போட்டுவிடலாம்.

அந்தந்த மாதத்துத் திருவிழா அந்தந்த வீதியில் நடந்ததால் வந்த பெயர்கள் இவை. அப்படியானால் சித்திரைத் தேர் ஏன் மாசி வீதிகளில் ஓடுகிறது என்ற கேள்வி எழும். முன்பு மாசியில் நடந்துவந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் (ஆட்சிக் காலம் 1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்றும், தேர் மட்டும் பழைய அகன்ற பாதையிலேயே தொடர்ந்தது என்றும் சொல்வார்கள்.

வெளி வீதிகளின் கதை வேறு. அங்கே நாயக்கர் காலக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தபோது, இடித்துச் சமன் செய்பவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்தார். நகரம் சுவரைத் தாண்டிப் பரவியது அதன் பிறகுதான். பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அந்தப் பணியில் இருந்தவர்களின் பெயர்களைத் தாங்கியவை.

படி 4: முதல் காலை – கோவில்

காலை 6 மணிக்குள் கோவில் வாசலில் இருப்பது நல்லது. கைப்பேசி, கேமரா, தோல் பொருட்கள் எதற்கும் உள்ளே அனுமதி இல்லை. வாசலருகே உள்ள பாதுகாப்பு அறைகளில் வைத்துவிட்டுப் போகலாம் என்றாலும், அறையிலேயே விட்டுவந்தால் திரும்பும்போது வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகியுள்ளன. ஆண்கள் வேட்டி அல்லது முழுக்கால்சட்டையும், பெண்கள் புடவை, சுடிதார் போன்றவையும் அணிந்து வர வேண்டும். அரைக்கால்சட்டையோடு வந்தவர்கள் வாசலில் வேட்டி வாங்கிக் கட்டிக்கொள்வதை நாள்தோறும் காணலாம். கருவறைப் பகுதிக்குள் இந்துக்கள் மட்டுமே போகலாம்.

கீழ வாசல் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது, வெளிக் கோபுரங்களில் மூத்தது. ஆயினும் அதன் வழியாக நுழையாமல், அதற்குத் தெற்கே அம்மன் சன்னதியின் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைவதே மதுரை வழக்கம், ஏனெனில் இங்கே முதல் வணக்கம் மீனாட்சிக்கு; சொக்கநாதருக்குப் பிறகுதான். தரிசனம் முடிந்ததும் நேரே வெளியேறிவிடாமல் பொற்றாமரைக் குளத்தின் படிகளில் அமருங்கள். 160 அடிக்கு மேல் உயர்ந்த தெற்குக் கோபுரத்தை முழு உருவில் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கோவிலுக்குள் இல்லை.

அடுத்து இரண்டு இடங்களுக்கு நிதானமாக நேரம் கொடுக்க வேண்டும். ஒன்று, சுவாமி சன்னதிக்கு முன்னுள்ள கம்பத்தடி மண்டபம். தங்கை மீனாட்சியின் கையைத் திருமால் தாரை வார்த்துக் கொடுக்கும் திருக்கல்யாணச் சிற்பம் இங்கேதான் உள்ளது. அம்மனின் தலை சற்றே கவிழ்ந்திருக்கும் பாங்கைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். நேர் எதிரே நின்றால் அந்த நாணம் பிடிபடாது. மற்றொன்று, அரியநாத முதலியார் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆயிரங்கால் மண்டபம். பெயர் ஆயிரமானாலும் உள்ளவை 985 தூண்கள். இப்போது கலைக்கூடமாக உள்ள இதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். கூட்டம் பெரும்பாலும் தரிசனத்தோடு கிளம்பிவிடுவதால் உள்ளே அமைதியாக இருக்கும்.

கடைசியாக ஆடி வீதியில் ஒரு முழுச் சுற்று. வெயில் ஏறிவிட்டால் கல்தரை கால் பொறுக்காது என்பதால் 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

படி 5: புது மண்டபமும் ஏழுகடல் தெருவும்

கீழச் சித்திரை வீதியைக் கடந்தால் நேர் எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. நடுத் தூண்களில் அவரும் அவருக்கு முந்தைய நாயக்க மன்னர்களும் கைகூப்பி நிற்கிறார்கள். பல தலைமுறைகளாக இந்தத் தூண்களுக்கு இடையே தையற்காரர்களும், பாத்திரக் கடைகளும், புத்தகக் கடைகளும் நெருக்கியடித்து இருந்தன. அழகர் திருவிழாவுக்கு வேடமிடும் பக்தர்களின் சல்லடமும் (குட்டைக் கால்சட்டை) உருமாலும் (தலைப்பாகை) இங்கேதான் தைக்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. மண்டபத்துக்கு இது நல்லதுதான், சிற்பங்களுக்கு மூச்சு வந்திருக்கிறது. ஆனாலும் தையல் எந்திரச் சத்தத்துக்கு நடுவே யாளியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு குறை தோன்றவே செய்யும். அந்தத் தையற்காரர்களைத் தேடுகிறவர்கள் சத்திரத்துக்குப் போகலாம். சிறுவர்களுக்கான நாட்டிய உடை, சாமி வஸ்திரம் போன்றவற்றுக்கு அங்கே போவதே நல்லது.

மண்டபத்துக்குக் கிழக்கே ராய கோபுரம். கட்டி முடிக்கப்படாமல் அடித்தளத்தோடு நின்றுபோன இதன் வாசல் நிலைக்கற்களை அண்ணாந்து பார்த்தால், முடிந்திருந்தால் எந்த உயரத்துக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். பக்கத்தில் உள்ள ஏழுகடல் தெரு, மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட ஏழு கடல்களும் வந்து சேர்ந்ததாகத் திருவிளையாடல் சொல்லும் குளத்தின் பெயரைத் தாங்கியது. குளம் இருந்த இடத்தில் இப்போது வணிக வளாகம் நிற்கிறது.

படி 6: நண்பகல் – திருமலை நாயக்கர் மகால்

கோவில் நடை சாத்திய நேரத்தில் திறந்திருக்கும் பெரிய இடம் மகால்தான். காலை 9 முதல் மாலை 5 வரை பார்க்கலாம். 1636-இல் எழுந்த இந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது பழைய அளவில் கால் பங்குதான் என்பர். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இதன் பகுதிகளைப் பிரித்தெடுத்துச் சென்றார். மிஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பழுது பார்த்தார். அதன் பிறகு நெடுங்காலம் இங்கே நீதிமன்றம் நடந்தது.

உள்ளே நுழைந்ததும் தூண்களோடு படமெடுக்கத் தோன்றும். அதற்கு முன் முற்றத்தின் ஓரமாக ஒருமுறை நடந்து, வளைவுகளின் மேலுள்ள சுதை வேலைப்பாட்டைப் பாருங்கள். இஸ்லாமியக் கட்டடக் கலையின் வளைவும், நம் கோவில் மரபின் யாளியும், ஐரோப்பியத் தேவாலயங்களை நினைவூட்டும் பெருந்தூணும் ஒரே சுவரில் சண்டையின்றி இருக்கும். நாடகசாலையில் சிற்பங்களும் கல்வெட்டுகளும் வைக்கப்பட்டுள்ளன. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடப்பதுண்டு. அன்று நடக்கிறதா, தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்பதைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து அறைக்குத் திரும்பி மாலை 4 மணி வரை ஓய்வெடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுச் சேர்த்து ஏதாவது பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், மாலைக் கடைவீதியில் அரை மணி நேரத்திலேயே அலுத்துப்போய் முதல் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்கள்.

படி 7: முதல் மாலை – பார்ப்பது மட்டும், வாங்குவது நாளை

மாலையில் விளக்குத்தூணிலிருந்து தொடங்குங்கள். கோட்டையை இடித்த அதே பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத் தூண் இது. சுற்றிலும் துணி மொத்த வியாபாரம். லுங்கியும் துண்டும் உள்ளாடையும் மூட்டை மூட்டையாகத் தலைச்சுமையில் போய்க்கொண்டிருக்கும். அங்கிருந்து சில நிமிட நடையில், குறுகலான ஒரு சந்துக்குள் திரும்பினால் பத்துத்தூண். திருமலை நாயக்கர் அரண்மனையின் மற்றொரு பகுதி அழிந்து, பத்து ராட்சதக் கல்தூண்கள் மட்டும் எந்தக் கூரையையும் தாங்காமல் நிற்கின்றன; அவற்றின் நிழலில் ஜவுளிக் கடைகள் நடக்கின்றன. மகாலை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் போனால், அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது புரியாமலே போய்விடும்.

இந்த வட்டாரத்தில் தெருப் பெயர்களையே படித்துக்கொண்டு நடக்கலாம். வெங்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு, நவபத்கானா தெரு என்று ஒவ்வொன்றும் ஒரு தொழிலையோ அரண்மனைப் பணியையோ சொல்லும். கீழமாசி வீதி மளிகைக்கும் பலசரக்குக்கும் உரியது. மிளகாய் நெடியில் தும்மல் வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். தெற்காவணி மூல வீதி நகைக் கடைகளுக்கு.

முதல் மாலையில் விலை கேளுங்கள், துணியைத் தொட்டுப் பாருங்கள், எந்தக் கடையில் எது பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், வாங்க வேண்டாம். அடுத்த நாள் திரும்பி வருகிறவரிடம் கடைக்காரர் பேசும் விலை வேறாக இருக்கும். இரவு 9 மணியளவில் சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எடுத்துச் செல்லும் வழிபாட்டுக்கு மீண்டும் கோவிலுக்குப் போகலாம். அதன் பிறகும் பரோட்டாக் கடைகளில் கல் சூடாகத்தான் இருக்கும். கறிதோசை கேட்டு வாங்கிச் சாப்பிட இரவுதான் பொருத்தமான நேரம்.

படி 8: இரண்டாம் காலை – மேற்குப் பக்க நடை

காலை 6 மணிக்குப் பெரியார் பேருந்து நிலையத்தருகே தொடங்கினால், இடிபட்ட கோட்டையின் எஞ்சிய மேல வாசல் பகுதியை வாகன நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். பக்கத்திலேயே கூடலழகர் கோவில். பெரியாழ்வார் பல்லாண்டு பாடிய தலமாக மரபு கூறும் இங்கே, மூன்று நிலை அஷ்டாங்க விமானத்தில் அமர்ந்தும் நின்றும் கிடந்தும் பெருமாள் மூன்று கோலங்களில் இருக்கிறார். சிறிது தெற்கே காஜிமார் தெருவில் உள்ள பெரிய பள்ளிவாசல், பாண்டியர் காலத்திலேயே அமைந்தது என்று அதன் மரபு சொல்கிறது. தெருப் பெயரே அந்தப் பள்ளிவாசலைச் சார்ந்த காஜிகளின் (இஸ்லாமிய நீதிபதிகளின்) வழிவந்தோரால் ஏற்பட்டது.

பிறகு மேலமாசி வீதிக்கு வாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி, நீளமான உடையைக் களைந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறிய வீடு இங்கேதான் உள்ளது. கதவு எண் 251. ஏழைகள் உடுத்த ஒரு முழத் துணிகூட இல்லாதபோது நாம் மட்டும் முழு உடை அணிவதா என்ற எண்ணம் பல நாட்களாக அவரை அலைக்கழித்து, மதுரையில் முடிவுக்கு வந்தது. கீழ்த்தளத்தில் கதர்க் கடை இருக்கிறது. நடை முடியும்போது கடை திறந்திராவிட்டாலும், பகலில் ஒருமுறை திரும்பி வந்து அங்கே ஒரு கதர்த் துண்டோ சட்டைத் துணியோ வாங்கலாம். மதுரை நினைவாக வாங்கும் பொருள்களில் இதற்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

அங்கிருந்து மேலக் கோபுரத்தை நோக்கி நடந்தால் எழுத்தாணிக்காரத் தெரு வரும். பசித்தால் இட்லிக் கடைகள் இதற்குள் ஆவி பறக்கத் தொடங்கியிருக்கும். தெருவோரத்தில் பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் ஒரு குவளை வாங்கிக் குடியுங்கள்.

படி 9: இரண்டாம் நண்பகல் – மூன்றில் ஒன்று

இந்த இடைவேளையில் மூன்று வழிகள் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள்ளேயே இருக்க விரும்பினால் காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்துள்ள இதை 1959-இல் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி இங்கே பாதுகாக்கப்படுகிறது. காலையில் மேலமாசி வீதி வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துணியின் முன் நிற்பது வேறு வகையில் உறைக்கும்.

பழந்தமிழர் வரலாற்றில் ஆர்வம் இருந்தால் கீழடி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்துக்குள் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய அகழாய்வுகளில் கிடைத்த செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள் முதலியவை, 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் உள்ளன. பள்ளிப் பிள்ளைகள் உடன் வந்தால் யோசிக்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது, மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் பாறையில் உள்ளன. ஆனால் நண்பகல் வெயிலில் இந்தப் பாறையில் ஏறுவது கொடுமை. இதை விரும்புகிறவர்கள் படி 8-இன் நடையை முந்தைய நாளின் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு, இங்கே விடிகாலையில் வந்துவிட வேண்டும்.

படி 10: வாங்குதல்

சுங்குடிச் சேலையைப் பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். கடையின் குழல் விளக்கில் அரக்கும் மாந்துளிர் நிறமும் ஒன்றுபோலத் தெரிந்து, வீட்டுக்கு வந்ததும் ஏமாற்றும். இரண்டாம் நாள் 3 மணிக்கு மேல் தொடங்கினால் சரியாக இருக்கும்.

மதுரைச் சுங்குடி, சௌராஷ்டிர மக்களின் கைவண்ணம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. பருத்தித் துணியில் புள்ளி வர வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கி முடிந்து, சாயத்தில் முக்கி, காய்ந்த பின் முடிச்சை அவிழ்த்தால், கட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் வட்டமாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். இன்று கடைகளில் சுங்குடி என்ற பெயரில் குவிந்திருப்பவற்றில் பெரும்பாலானவை மெழுகு அச்சிலோ சாதாரண அச்சிலோ உருவானவை. அவையும் கட்ட நல்ல சேலைகள்தாம், கோடைக்கு அவற்றை மிஞ்சியது இல்லை. ஆனால் முடிச்சுச் சேலையின் விலையை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

பிரித்தறிவதற்குச் சேலையை விரித்து, வரிசையாகப் பத்துப் புள்ளிகளைப் பாருங்கள். கையால் முடிந்தவை ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒன்று சற்றுச் சப்பையாகவும், ஒன்று வாய் திறந்த மோதிரம் போலவும் இருக்கும். இன்னும் துவைக்காத சேலையானால் புள்ளி இருக்கும் இடத்தில் துணி சிறு மொட்டாக எழும்பி நிற்பதை விரல் நுனியில் உணரலாம். எல்லாப் புள்ளிகளும் அளவெடுத்தாற்போல ஒரே வட்டமாக இருந்தாலோ, மறுபக்கத்தில் மங்கித் தெரிந்தாலோ அது அச்சு. கடைக்காரரிடம் நேரடியாகவே "கைமுடிச்சா, அச்சா?" என்று கேட்கலாம், விவரம் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டால் பெரும்பாலும் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். பேரம் பேசிப் பழக்கமில்லாதவர்களுக்குக் கோ-ஆப்டெக்ஸ், பூம்புகார் விற்பனை நிலையங்கள் உண்டு. முதல் சலவையில் சாயம் விடும் என்பதால், கல்லுப்பு கரைத்த தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

வெண்கலம், பித்தளைப் பாத்திரங்களுக்கு எடை போட்டு விலை சொல்வார்கள். வேலைப்பாட்டுக்குத் தனிக் கூலி உண்டா என்பதை எடை போடுமுன்பே கேளுங்கள். சங்கிலித்தொடர் கடைகள் எல்லா ஊரிலும் இருப்பவை. மதுரையில் அவற்றுக்கு நேரம் செலவிடத் தேவையில்லை.

படி 11: தெப்பக்குளமும் மல்லிகையும்

துணிப் பைகளை அறையில் வைத்துவிட்டு, பொழுது சாயுமுன் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு ஆட்டோவில் போய் வாருங்கள். திருமலை நாயக்கர் காலத்தில், 1645-இல் வெட்டப்பட்ட இந்தக் குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. இதை வெட்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோவிலுக்குள் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று சொல்வார்கள். நீர் நிறைந்திருக்கும்போது மைய மண்டபத்தோடு சேர்த்துப் பார்ப்பது அழகு. சுற்றியுள்ள சுவரில் அமர்ந்து பேச மதுரைக் குடும்பங்கள் மாலையில் இங்கேதான் வரும். திரும்பும் வழியில் ஜிகர்தண்டா. பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் பனிக்கூழும் சேர்ந்த இதைச் சாப்பாட்டுக்கு முன் குடித்தால் பிறகு சாப்பிட முடியாது.

மல்லிகையைக் கடைசியாக வாங்க வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, இதழ் தடித்து, காம்பு சற்றே நீண்டு, அரும்பில் இலேசான பச்சை ஓடியிருக்கும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடிகாலையிலேயே வியாபாரம் நடந்துவிடும். அங்கே கிலோக் கணக்கு. பனி மிகுந்த மார்கழி, தையில் வரத்துக் குறைந்து விலை பல மடங்கு ஏறுவதும், முகூர்த்த நாட்களில் காலைக்கும் மாலைக்கும் விலை மாறுவதும் வழக்கம். பயணிகளுக்குக் கோவிலைச் சுற்றியுள்ள பூக்காரர்களிடம் முழக்கணக்கில் கட்டிய சரமே போதும். மாலை 6 மணிக்கு மேல் அரும்பாக இருக்கும் சரத்தைக் கேட்டு வாங்குங்கள்; அப்போதே மலர்ந்திருப்பது மறுநாள் காலைக்குத் தாங்காது. ஈரத் துணியில் சுற்றி அதன்மேல் வாழையிலை வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் புழுங்கிப் பழுப்பேறிவிடும். ரயிலில் போகிறவர்கள் அதைப் பெட்டிக்குள் அடைக்காமல், இருக்கைக்கு மேலுள்ள கொக்கியில் தனிப் பையாகத் தொங்கவிட்டால் ஊர் போய்ச் சேரும்வரை கசங்காமல் இருக்கும்.